வளையல் ஒலித்த சரணம்

1. வளைகாப்பு முடிந்து அன்னவாசலில் தாய்வீட்டில் இருந்த பாடகி, அவர் ஊர்த் திருவிழாவுக்கான அம்மன் பாட்டைப் பதிவுசெய்யப் புதுக்கோட்டையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்.
2. பிரசவம் ஆகும்வரை கண்ணாடி வளையலைக் கழற்றக்கூடாது என்பதால், இரண்டு கைகளிலும் துண்டைச் சுற்றிக் கட்டினோம்.
3. நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடினார். அருமையாக வந்தது.
4. கடைசிச் சரணத்தில் ஒரு துண்டு நெகிழ்ந்து வளையல் ஒலித்திருந்தது.
5. முதலிலிருந்து பாட வேண்டும் என்றார் ஸ்டுடியோ உரிமையாளர்.

நான் அங்கே ஒலிப்பொறியாளர். உரிமையாளர் அப்போதுதான் டி.எஸ்.டி. என்னும் உயர்தர வடிவத்தில் பதிவுசெய்யும் கருவியை வாங்கியிருந்தார். அதில் பதிந்ததை வெட்டினால் மொத்தத் தரமும் போய்விடும் என்று எங்கோ கேட்டு நம்பியிருந்தார். பாடகிக்கோ எட்டாம் மாதம். மறுபடி முழுதாகப் பாட மூச்சு இல்லை. அன்று முடியாவிட்டால் விழாக் குழு வேறு ஆளைப் பார்த்துவிடும்.

“கழட்டி வச்சுட்டுப் பாடக்கூடாதாம்மா?” என்று கேட்டார் உரிமையாளர்.

“கழட்டிருவேண்ணே. அப்புறம் எங்காத்தாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

உரிமையாளர் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார்.

வெட்டுவதைப் பற்றி அவர் நம்பியதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த வடிவத்தில் நேரடியாகத் திருத்துவது கடினம். ஆனால் ஒட்டும் இடத்தில் மட்டும், கண் இமைக்கும் நேரத்துக்கான ஒலியை வேறு வடிவத்துக்கு மாற்றி, இணைத்து, திரும்பக் கொண்டுவரலாம். மற்றதெல்லாம் பதிந்தபடியே இருக்கும். மூலக் கோப்பையும் யாரும் தொடப்போவதில்லை. இதைச் சொன்னபோது, சட்டையில் ஒட்டுப் போட்டால் தெரியாமலா போகும் என்று கேட்டார். கெட்டுப்போனால் மூலம் இருக்கிறதே என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

கடைசிச் சரணத்தை மட்டும் பாடகி உட்கார்ந்தபடி பாடிக் கொடுத்தார். அதற்கு முன்னால் சுருதி மட்டும் ஒலிக்கும் இடத்தில் இணைத்தேன். உரிமையாளர் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் சரணத்திலேயே கையை உயர்த்தினார்.

“இந்தா, இங்கிட்டுத்தானே வெட்டுன?”

அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். பாடகி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அது நான் மூச்சு வாங்குன எடம்ண்ணே. உள்ள ஒதச்சுச்சு.”

உரிமையாளர் சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அப்படியே அனுப்பச் சொன்னார்.

விழாக் குழு அந்தப் பதிவையே ஏற்றுக்கொண்டது. கோயிலில் அதைக் கூம்பு ஒலிபெருக்கியில்தான் போட்டார்கள். பாடகிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது; இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறார். உரிமையாளர் இப்போது வெட்டி ஒட்ட அனுமதிக்கிறார், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு.