விசிறி இல்லாத இடத்தில் 71

நம்புகிறவர்கள் நம்பட்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்குமாடியின் பதினோராம் மாடிக்குப் போனால், இப்போதும் ஒரு கணினி ஓடும் சத்தம் கேட்கும். நான்கு மாதமாக அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதன் சுவிட்சின் மேல் நான்கு சுற்று டேப் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் கிருபானந்தன்.

அன்று சனிக்கிழமை. பட்டப்பகல். கிள்ளானில் சந்திரகலா என்ற பெண், இறந்துபோன கணவர் சுகுமாறனின் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் வாங்கிய மதர்போர்டைத்தான் அவன் சோதித்துக்கொண்டிருந்தான். கணினியின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றிப் பார்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். அதிகம் பேசாதவன். மனைவி ஜனகாவின் முகத்தைவிட, கணினி விழித்ததும் வரும் பயாஸ் திரையைத்தான் அதிகம் பார்த்திருப்பான்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினான். சாதாரணமாகக் கண்ணில் படாத மெனு ஒன்று திறந்தது. அதற்குள் சுகுமாறன் சேமித்து வைத்த அமைப்பு அழியாமல் கிடந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர், ‘ஜாங்கான் ஆஃப்’.

மலாய் மொழியில், அணைக்காதே.

கிருபானந்தன் சிரித்துக்கொண்டான். சில அமைப்புகள் சூட்டோடு நன்றாக ஓடும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி எழாது. இந்த வேலை தெரிந்த எவனும் அந்தப் பெயரை அப்படித்தான் புரிந்துகொள்வான். அவனும் அப்படித்தான் புரிந்துகொண்டான்.

3:52. அந்த அமைப்பை ஏற்றினான். திரை கறுத்தது. மூன்று நொடி. அந்த மூன்று நொடியும் லிஃப்ட் அறுந்து விழுவதுபோல் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது... திரை வந்தது. நெஞ்சும் நிலைக்கு வந்தது.

வேகம் அபாரம். ஆனால் விசிறிகளின் பட்டியலில் ஒரு வரி உறுத்தியது. பின்பக்க விசிறி: 71. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றாவது வர வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தான். அந்த இடத்தில் விசிறியே இல்லை. ஒயர்கூடச் செருகவில்லை.

72... 70... 71.

சில நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, காலை இடித்த பழைய கணினிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். திரும்பினான். 96. உட்கார்ந்தான். 85... 78...

மணிக்கட்டில் விரலை வைத்தான்.

ஒரு துடிப்பு. திரையில் எண் மினுங்கியது.

இன்னொரு துடிப்பு. மினுங்கியது.

4:06. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். நான்கு நொடி பிடித்தால் அணைந்துவிடும். ஒன்று... 60. இரண்டு... 43. மூன்று... விரல் நுனிகள் சில்லிட்டன. கண் இருண்டது. கையை உதறி எடுத்தான்.

109.

4:11. முதல் இடி.

போன வருஷம் டிவி கருகியதிலிருந்து, வானம் உறுமினால் ஜனகா வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

ஹாலில்... டக்.

சமையலறையில்... டக். டக்.

செருப்புச் சத்தம்.

எழ முயன்றான். கால் வரவில்லை.

118.

கதவு திறந்தது.

“இடி இடிக்குது, காதுல விழலயா? அடைங்க லா!”

அவள் கை சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிப் போனது.



131.

நாற்காலியோடு சரிந்து விழுந்து அவள் கையைப் பிடித்தான்.

“தொடாதே...”

“ஐயோ, பயந்தே போயிட்டேன்! பொண்டாட்டி கையப் பிடிக்க இப்படி ஒரு ஆக்டிங்கா?” சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். “என்னங்க... கை ஏன் ஐஸ் மாதிரி இருக்கு?”

மழை விடும்வரை அவன் அந்தச் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு மறுநாளே இரண்டு பேட்டரிப் பெட்டிகள் வாங்கி வைத்தான்.

அடுத்த ஞாயிறு கிள்ளானுக்கு ரயிலேறினான். சந்திரகலா பால் ஊற்றித் தே கலக்கிக் கொடுத்தாள்.

“அண்ணனுக்கு என்ன ஆச்சு, அக்கா?”

“தூக்கத்துலயே போயிட்டாரு தம்பி. ஒரு வியாதி கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு. நல்ல இடி மழை. பக்கத்து ரூம்ல அவரு கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டு கிடந்துச்சு. யாரையும் தொட விடமாட்டாரு. சரி, தூங்குறாரேன்னு நான்தான் போய் சுவிட்ச அடைச்சேன். வந்து எழுப்புறேன்... எழும்பல.”

கிருபானந்தன் கிளாஸைத் தொடவில்லை. தே ஆறி ஏடு படிந்தது.

“அந்த போர்டு நல்லா ஓடுதா, தம்பி?”

“ஓடுது அக்கா” என்றான், மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல்.