மூடியில் அப்பிய சந்தனம்

ஏகாம்பர நாயக்கர் இறந்த செய்தியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் காதர். திருடன் என்று நாயக்கர் விரட்டிவிட்ட அதே டிராக்டர் டிரைவர்.

"நைனா, நாயக்கரு பூட்டாரு. மிஷின்லதான் சவத்த இஸ்துகினு போவணுமாம். ஓட்ட ஆளில்லன்னு அவர் பசங்க என்னியே கூப்ட்டுகீறாங்க" என்றான்.

துக்கத்துக்கு வந்த நீங்களெல்லாம், அயனம்பாக்கத்துக்கு முதல் டிராக்டரைக் கொண்டுவந்தவர் என்று புகழ்ந்தீர்கள். வாங்கினார், அவ்வளவுதான். எருமை வாங்குகிறவன்கூட அதற்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குவான். இவர் அதையும் பார்க்கவில்லை.

யுத்தக் கட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. அதனால் டாங்கி மூடியைத் தம்மைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பிறகு டிராக்டர் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நிற்கும். நாயக்கர் வருவார், மூடியைத் திறந்து எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார். உடனே வண்டி ஓடும். அவர் வீடு போய்ச் சேருமுன் மறுபடி நிற்கும்.

இதிலிருந்து அவர் கண்ட முடிவைக் கேளுங்கள். "நான் வந்தா ஓடுது, நான் போனா நிக்குது. அப்போ கிருஷ்ணாயில திருடறது யாரு?" என்று ஊர் கேட்கக் கத்தி, ஓட்டிக்கொண்டிருந்த காதரை அன்றே விரட்டினார்.

ஏரித் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். நடவுக்கு முன் உழுதாக வேண்டும். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். டாங்கிக்குக் கீழே எண்ணெயின் அழுக்கு தங்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன், தண்ணீரும் இல்லை, தூசியும் இல்லை. குழாயைக் கழற்றிவிட்டேன். எண்ணெய் முதலில் தாரையாக வந்தது, பிறகு நூலானது, பிறகு சொட்டு. மூடியைத் தளர்த்தினேன். டாங்கி 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தது. தாரை திரும்பி வந்தது. மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பி, வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேலேயே அப்பி, துளை கல்லாகிக் கிடந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் கீழே இறங்காது. இது பள்ளிக்கூடப் பாடம்.

"அப்போ சாமி சந்தனம் தப்பு பண்ணிச்சின்றியா?" என்றார்.

"சந்தனம் இல்லை, வைத்த கை" என்றேன். "காதர் திருடவில்லை. அதை ஊரில் சொல்லிவிடுங்கள்."

"திருடன்னு சொல்ட்டேன். சொன்னது சொன்னதுதான்."

மற்றவர்கள் இதை உறுதி என்பார்கள். எனக்கு அது துரு. காதருக்கு அதன்பின் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் வண்டியைத் தொடக் கொடுக்கவில்லை. பூந்தமல்லிச் சந்தையில் மூட்டை தூக்கினான். ஓட்ட ஆளின்றி டிராக்டர் கொட்டகையில் கிடந்தது.

சவ ஊர்வலத்தன்று பிள்ளைகள் டாங்கியை விளிம்புவரை நிரப்பி, மூடியில் அப்பாவைப்போலவே தாராளமாகச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஏரிக்கரையில் வண்டி நின்றது. பின்னால் கட்டிய வண்டியில் நாயக்கர், நெற்றியில் அதே சந்தனம்.

"எண்ணெய எவன் எடுத்தான்?" என்று ஒரு பங்காளி கத்தினார்.

காதர் இருக்கையிலிருந்தே திரும்பினான். "அண்ணாத்தே, ரொப்பனது நீங்க. அவரும் எயுந்து வந்து தொறக்க மாட்டாரு. இப்பவும் நான்தான் துன்னுட்டேனா?"

ஊர்வலத்தில் நடந்து வந்த நான் முன்னால் போய் மூடியை ஊர் பார்க்கத் திறந்தேன். 'ஸ்ஸ்' என்ற சத்தம் பறைக்காரர் வரைக்கும் கேட்டது. துளையைக் குத்திவிட்டு மூடினேன், வண்டி கிளம்பியது. நாயக்கர் வாய் கடைசிவரை சொல்லாததை அவருடைய டாங்கி சொல்லிவிட்டது.

காரியம் முடிந்ததும் பெரிய பிள்ளை, "காதரு, நாளைலேர்ந்து வந்துடு" என்றார்.

"வர்றேன். மூடிய நான்தான் தொறப்பேன்" என்றான் காதர். பிள்ளை தலையாட்டினார்.

இப்போது எந்த இயந்திரம் பழுதாகி வந்தாலும், முதலில் அதற்கு எங்கே பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஏகாம்பர நாயக்கரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.