காலியாக வந்த ஜன்னல் சீட்

போன திங்கட்கிழமை காலை, நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாசஞ்சரின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒரு ஜன்னல் சீட் காலியாகவே போய்க்கொண்டிருந்தது.

நம்பமாட்டீர்கள். அந்த வண்டியில் ஒரு தடவையாவது காலையில் ஏறியிருந்தால் நிச்சயமாக நம்பமாட்டீர்கள். மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டிய கூட்டம் அது. சுற்றிலும் ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். சீட் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு வருகிறது. என்ன, எல்லோருக்கும் கிறுக்கா?

இல்லை. மெர்லின் ஊருக்குப் போகிறாள். ஜெர்மனிக்கு!

மெர்லின் கொல்லயில் என்கிற ஊர்ப் பெண். பாறசாலையில் வண்டி ஏறுவாள். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. ஜெர்மனியில் இருக்கிற ஏதோ கப்பல் கம்பெனிக்கு இங்கே உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதுகிறார்கள். கப்பல் அங்கே, கணக்கு இங்கே. உலகமயமாக்கல், உலகமயமாக்கல் என்று பேப்பரில் போடுகிறார்களே... எங்கள் பக்கத்தில் அது டிபன் பாக்ஸோடு பாசஞ்சரில்தான் போய்வருகிறது.

நான் ஏறுவது நெய்யாற்றின்கரையில். அதாவது, நின்றே பயணம் செய்யப் பிறந்தவள். எங்களுக்கு முன்னால் ஏறும் பாறசாலைக்காரிகள் சீட்டைப் பிடித்துவிடுவார்கள். பிடித்தது போக, பின்னால் ஓடிவரும் தோழிக்கு ஒரு கர்ச்சீப், அவள் தங்கைக்கு ஒரு குடை. இந்தக் கர்ச்சீப் சாம்ராஜ்யத்தின் தலைவி சரஸ்வதி அக்கா. செக்ரடேரியட்டில் வேலை. அவர் ஒரு பார்வை பார்த்தால் ஃபைலே நகராது, நாங்கள் எப்படி நகர்வோம்? வருஷக்கணக்காக எங்கள் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மெர்லின் வேலையில் சேர்ந்த புதிது. ஒருநாள் நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றதும் அவள் எழுந்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, நான் இவ்வளவு தூரம் இருந்தாச்சு. இனி நீங்க இரிங்க" என்றாள்.

எனக்குச் சந்தேகம். சீட்டில் ஏதாவது கொட்டிக் கிடக்கிறதோ என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்!

பாறசாலையிலிருந்து எங்கள் ஊர் பக்கம்தான். அதற்குப் பிறகுதான் நீண்ட தூரம். அதனால் நஷ்டம் முழுக்க அவளுக்கு. சரஸ்வதி அக்கா அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சொந்த ஊர்க்காரிகளையே காட்டிக் கொடுக்கிறாளாம், நாளைக்கு எல்லோரையும் எழும்பச் சொல்லுவார்களாம். மெர்லின் மறுநாளும் எழுந்தாள். அதற்கடுத்த நாளும் எழுந்தாள். யாரையும் எழும்பச் சொல்லவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த 'சும்மா'தான் தாங்கவில்லை. ஒருத்தி எழுந்தாள், பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள்... கடைசியில் ஒருநாள் சரஸ்வதி அக்காவே எழுந்துவிட்டார்.

"காலு மரத்துப் போச்சு. அதுக்காக்கும் எழும்புனேன், கேட்டியா?" என்றார் என்னிடம். அன்றிலிருந்து தினமும் அவருக்குச் சரியாக நெய்யாற்றின்கரையில் கால் மரத்துவிடுகிறது.

போன வருஷக் கடைசியில் மெர்லினின் கம்பெனியிலும் ஒரு சீட் பிரச்சினை. ஜெர்மனிக்கு ஓர் ஆள் போகவேண்டும். ஒரு வருஷம் அங்கேயே இருந்து வேலை. டீமுக்கு லீடர் மெர்லின்தான். அவள் போவதாகத்தான் பேச்சு. பாஸ்போர்ட் வந்துவிட்டது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். அவள் அம்மா சர்ச்சில் சொல்லி, சர்ச் மொத்தமும் ஜெபித்துக்கொண்டிருந்தது.

அந்த டீமில் அனில் என்று ஒரு பையன். ப்ரோக்ராமில் பாதி அவன் எழுதியது. அவனுக்கும் போக ஆசை. மெர்லின் என்ன செய்தாள்? ஒரு வருஷத்தை இரண்டாக முறித்து, பாதி நான், பாதி அவன் என்று ஜெர்மனி அதிகாரியிடம் போனிலேயே சொல்லிவிட்டாள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிருந்து வந்தவர்கள் பாதியில் வேறு கம்பெனிக்குத் தாவிவிடுகிறார்கள், முதலில் வருகிறவர் எழுந்து இடம் கொடுப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டாராம். நியாயமான கேள்விதானே?

"அப்படின்னா முதல்ல அனில் வரட்டும். நான் பொறவு வாறேன்" என்றிருக்கிறாள் இவள். அவன் திரும்பாவிட்டால் நஷ்டம் எனக்குத்தானே, உங்களுக்கு என்ன கவலை என்ற கணக்கு!

இந்தச் செய்தி வண்டிக்கு வந்த அன்று கம்பார்ட்மெண்ட் கொந்தளித்துவிட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரை என்ற பேதமே இல்லை. ஒன்றாகச் சேர்ந்து அவளைத் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன். போனவன் வருவானா? வெள்ளைக்கார ஊரைப் பார்த்தவன் கொல்லயில் பெண்ணை நினைத்துப் பார்ப்பானா? உனக்க ஸ்வெட்டரை இனி திருவனந்தபுரம் வெயிலில்தான் போடணும் என்றுகூடச் சொன்னேன்.

"வருவான் அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆசை இல்லாமலா பாஸ்போர்ட் எடுப்பார்கள்?

அனில் போனான். மழைக்காலம் வந்தது. அங்கே அவனுக்கு வேறொரு கம்பெனி இரட்டைச் சம்பளம் தருவதாக ஆசை காட்டுகிறது என்று ஒரு செய்தி வந்தது. மெர்லின் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுது, கெஞ்சு, மிரட்டு என்று நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு, வழக்கம்போல நெய்யாற்றின்கரையில் எழுந்து நின்றுகொண்டாள். எங்களுக்குத்தான் அந்தச் சீட்டில் முள் குத்தியது.

போன வாரம் அனில் வந்து இறங்கிவிட்டான்!

வந்ததும் முதல் வேலையாக கம்பெனிக்குப் போயிருக்கிறான். அந்த இரட்டைச் சம்பளக் கம்பெனியை ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "மெர்லின் சேச்சி நில்க்குகயல்லே... ஞான் எங்ஙனெ இரிக்கும்?" என்றானாம். மெர்லின் அக்கா நின்றுகொண்டிருக்கும்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று!

இதைச் சரஸ்வதி அக்கா சொல்லக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில்தான். என்னவோ நான் பெற்று வளர்த்த மாதிரி.

திங்கட்கிழமைதான் அவளுக்கு எங்களோடு கடைசிப் பயணம். நெய்யாற்றின்கரை வந்ததும் எழுந்தாள். நான் உட்காரவில்லை. "இன்னைக்கு நீ இரி மக்கா" என்றேன். மாட்டேன் என்றாள். பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டாள். அவளும் அசையவில்லை. முறையை மீற மெர்லினுக்கு மனமில்லை. இவளை நிற்கவைத்துவிட்டு உட்கார எங்களுக்கு மனமில்லை. எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் அமரவிளையில் ஏறியவளிலிருந்து எல்லோரும் ஒரே பிடிவாதம். இப்படித்தான் அந்த சீட் காலியாக வந்தது.

நேமத்தில் கையில் பையோடு ஓர் அம்மா ஏறினார். காலி சீட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சீட்டில் ஆளுண்டோ என்று மலையாளத்தில் கேட்டார்.

"உண்டு. எங்க லீடர் பிள்ளைக்க சீட்டாக்கும். அன்னா நிக்கியா பாருங்க" என்று மெர்லினைக் கைகாட்டினார் சரஸ்வதி அக்கா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த அம்மா மெர்லினை மேலும் கீழும் பார்த்தார். "லீடர் நில்க்குகயாணெங்கில் ஞான் இரிக்காம்" என்றார். லீடர்தான் நிற்கிறாரே, அப்படியானால் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று! சொன்னபடியே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் சிரிப்பிலும் மெர்லின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

சென்ற மாதம் எங்கள் ஆபீஸில் 'மாறிவரும் உலகில் தலைமை' என்று ஒரு வகுப்பு நடந்தது. டை கட்டிய ஒருவர் வந்து சிங்கம், கழுகு படமெல்லாம் போட்டுக் காட்டினார். நல்லவர், பாவம். அவருக்கு ஓர் அழைப்பு: ஒருநாள் காலை எங்கள் பாசஞ்சருக்கு வாருங்கள் சார்.

நிற்க இடம் உண்டு.