காணாமல் போன ஊசிமுனை

உடைந்த ஊசி கைமெஷினிலேயே மாட்டியிருந்தது. முனையைத்தான் காணோம். அத்தை வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு கந்தல் சுற்றியிருந்தது. அந்த விரலை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை.

அத்தை என் நைனாவின் அக்காள். புருஷன் செத்த பிறகு ஒரு தகரப்பெட்டியும் அந்த மெஷினுமாகச் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். "கை ஓடற வரைக்கும் நான் யாருக்கும் பாரமில்ல" என்பாள். என் அம்மா அதை ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. அந்த மௌனம் அத்தைக்கு நன்றாகவே புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

யுத்த காலம், துணிக்குக் கன்ட்ரோல். நான் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்காக, நைனா எங்கெங்கோ அலைந்து ஒரு கவுனுக்கு மட்டும் போதுமான மல்துணி கொண்டுவந்தார். ஒரு சாண்கூட மிச்சமில்லை. அத்தை கைப்பகுதியைத் தைக்கும்போது நான் அவள் தோளில் தொங்கிக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்தேன். என் பக்கம் திரும்பினாள். வலது கை மட்டும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி உடைந்தது.

அவள் கத்தவில்லை. முதலில் துணியைத்தான் தூக்கிப் பிடித்தாள். அதற்குள் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. தன் ரத்தக்கறை தன் எச்சிலுக்குத்தான் போகும் என்பார்கள். துப்பித் துப்பித் தேய்த்து எடுத்தாள். "நைனாவாண்ட சொல்லாத கண்ணு. மெஷின எடுத்துக் கட்டி வெச்சிடுவாரு. அப்புறம் கவுனு இல்ல." கவுன் இல்லை என்ற சொல்லே எனக்குப் போதும். வாயை மூடிக்கொண்டேன்.

முனை துணியில் தங்கியிருந்தால், பீடத்தின் முன்னால் முழங்காலிடும்போது என்னைக் குத்திவிடும். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அதற்காக மடிப்பை மூன்று தடவை பிரித்துப் பார்த்துத் தைத்தாள். விரல் வீங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். அம்மா கேட்டபோது "நகச்சுத்தி" என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், மகா உத்தமி! நாலாம் நாள் அக்குளில் நெறிகட்டிக் காய்ச்சல் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை நான் முக்காடும் பூக்கிரீடமுமாகக் கோயிலில் நின்றபோது அவள் வீட்டில் பாயில் கிடந்தாள்.

பூசை முடிந்து வந்த நைனா அந்தக் கையைப் பார்த்துவிட்டார். கரியில் ஓடும் பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரலைக் கீறிப் பார்த்தபோது முனை எலும்பை ஒட்டிக் கிடந்ததாம். சீழ் பரவியிருந்ததால் ஆள்காட்டி விரலோடு நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

இன்று என் பேத்திகளுக்குப் புதுநன்மைக் கவுன் கடையிலேயே தைத்துத் தொங்குகிறது. நான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லிவிட்டேன். நீ அப்போது குழந்தைதானே என்று சாமியார்கள் எல்லாரும் சுலபமாக மன்னித்துவிடுகிறார்கள். அந்த மன்னிப்பால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த அத்தை முதலில் கேட்டது, "கவுனு சரியா இருந்துச்சா கண்ணு?" சொல்லவேண்டிய நேரத்தில் உண்மையைச் சொல்லாதவள் அப்போது சொன்னேன்: "அக்குள்ல கொஞ்சம் புடிச்சுது அத்த."

"கொண்டா, பிரிச்சி வுட்டுடறேன்" என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இடது கையைத் துணிமேல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். துணி நழுவிக் கோணலாக ஓடியது. இழுத்து வைத்தாள். மறுபடியும் நழுவியது. மூன்றாம் தடவை அவள் வைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னா வேல செய்யட்டும், நீயே சொல்லு" என்றாள்.

அம்மா உள்ளே போய்விட்டாள்.