புளி போட்டுத் தேய்த்த கோப்பை

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். சரித்திரப் பாடத்தில் ஒரு தடவைகூடப் பாஸ் மார்க் வாங்கியதில்லை. ஆனாலும், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடலோர மடத்தில் அதன் தலைவர் எப்படிச் செத்தார் என்பதைச் சான் ஹோசேயில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அதற்காகச் சபையில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். அந்த மெச்சுதல் இன்னும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்திருந்தேன். அத்தானுக்கு கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வீட்டில் பயப்படுகிற வேலை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, அத்தான் ஃப்ரீவேயில் போய்ச் சேர்ந்தாரா என்று நாள் முழுக்க இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ் ஆராதனை. அமெரிக்கர்கள் காலையில் தங்கள் ஆராதனையை முடித்துவிட்டுப் போனபிறகு, அதே சர்ச்சில் நாங்கள் முப்பது குடும்பம் கூடுவோம். ஆராதனை நடத்தியவர், ஊரில் ஓய்வுபெற்றுவிட்டு சன்னிவேலில் மகன் வீட்டுக்கு வந்திருந்த போதகர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். எழுபது தாண்டியவர். சர்க்கரை உண்டு. இருதயத்தில் ஒரு ஆபரேஷனும் ஆகியிருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. அதற்குத் திராட்சரசம் செய்கிற பொறுப்பு என்னுடையது. உலர்ந்த கறுப்புத் திராட்சையை ஊறவைத்து, கசக்கி, கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கெடாமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிவேன். எங்கள் அம்மா ஊரில் செய்த பக்குவம் அது. படிக்காதவளுக்குச் சபையில் கிடைத்த ஒரே பட்டம் அந்த வேலை.

எனக்கு வேறொரு பட்டமும் இருந்தது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததும், “பூகம்பம்! எல்லாரும் வெளிய வாங்க!” என்று கத்திவிட்டேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சபையே பார்க்கிங் லாட்டுக்கு ஓடியது. பார்த்தால், தெருவில் பெரிய குப்பை லாரி. அன்றிலிருந்து நான் பூகம்ப அக்கா. வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இனிமே சர்ச்ல நீ வாயத் தெறக்கப்படாது. ஜெபத்துக்கு ஆமென் சொல்லுததுக்கு மட்டும் தெற.”

அந்த வருஷம் எங்கள் சபையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு அங்கிள் நாடகம் எழுதினார். மதுரைக்காரர். சிப் கம்பெனியில் வேலை, சரித்திரத்தில் பைத்தியம். பழைய காலத்து ஐரோப்பாவில், காட்டு ராஜாக்கள் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், கல்லால் கட்டிய ஒரு மடம். அங்கே மடத்துத் தலைவர் ஞாயிறுதோறும் திருவிருந்து கொடுத்துவிட்டு அறைக்குப் போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறார். அடுத்த வாரமும் அப்படியே. ஒரு ஞாயிறு செத்தே போகிறார். கொலை என்று பேச்சு. அவருக்குக் கோப்பை அலசத் தண்ணீர் ஊற்றுகிற உதவிக்குருமேல் பழி விழுகிறது. கொதிக்கிற தண்ணீரில் கையை விட வேண்டும், மூன்று நாளில் புண் ஆறினால் அவன் குற்றவாளி இல்லை. அது அந்தக் காலத்து விசாரணையாம்.

அந்த உதவிக்குரு வேஷம் அத்தானுக்கு.

“கொன்னது யாரு அங்கிள்?” என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “எனக்கே தெரியல சிஸ்டர். கடைசி சீன் இன்னும் எழுதல.”

நாடகத்துக்காக அவர் பழைய சாமான் விற்கிற ஃப்ளீ மார்க்கெட்டில் கோப்பை ஒன்று வாங்கிவந்தார். நீளக் காம்பு, அகன்ற வாய், உள்ளே வெளியே எல்லாம் கறுத்துப்போய் இருந்தது. வெள்ளி என்று விற்றிருந்தார்கள். ஐயர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அமெரிக்கர்களின் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் திருவிருந்து நடந்தது.

“நாடகத்துல வச்சு விளையாடுத சாமானா இது? திருவிருந்துக்கே வச்சுக்கிடுவோம். ஏம்மா, இதக் கொஞ்சம் வெளக்கித் தாயேன்” என்று என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளியைக் கரைத்து ஊற்றி, கம்பி நாரால் தேய்த்தேன். வேறெப்படித் தேய்ப்பது? வெளிப்புறம் கறுப்பு போய் வெள்ளையாக மின்னியது. உள்ளே கை நுழைத்து, அரைமணி நேரம் விடாமல் தேய்த்ததில் அடிப்பாகம் மஞ்சளாகப் பளிச்சென்று வந்தது. பொன் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. உள்ளே தங்கப் பூச்சு போலிருக்கிறது என்று அத்தானிடம்கூடக் காட்டினேன்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போவோம். ஞாயிறு ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டால்? காரில் பாட்டில் கவிழ்ந்தால்? அந்தப் பயத்தில் சனிக்கிழமையே கோப்பையில் ரசத்தை ஊற்றி, வெள்ளைத் துணி போட்டு மூடி, சர்ச் சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். சனங்கள் உதட்டை நனைப்பதோடு சரி. பாதிக்கு மேல் மிஞ்சியது. ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. மிச்சத்தை நடத்துகிறவர்தான் குடித்து, தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வேண்டும். ஐயர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அன்று சாயங்காலம் அவருக்கு வாந்தி. ஆராதனை முடிந்து சர்ச்சில் போட்ட பிரியாணிதான் காரணம் என்றார்கள். அடுத்த மாதத் திருவிருந்துக்கு மறுபடி கோப்பையைத் தேய்த்தேன், மறுபடி சனிக்கிழமையே ஊற்றிவைத்தேன். மறுபடி வாந்தி. இந்த முறை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய் ஒருநாள் வைத்திருந்தார்கள். வயிற்றில் ஏதோ கிருமி என்று அனுப்பினார்கள். அடுத்த வாரம் பார்த்தபோது சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடம் இருந்தது.

“சாப்பாடு பிடிக்கலம்மா. நாக்குல துட்டைச் சப்புன மாதிரி ஒரு ருசி. மாத்திரையாத்தான் இருக்கும்” என்றார்.

மூன்றாம் மாதத் திருவிருந்து ஞாயிறு. அன்று ஆராதனைக்கு முன்பு நாடக ஒத்திகை வைத்திருந்தார்கள். நிஜக் கோப்பை ரசத்தோடு ஃப்ரிட்ஜில் இருந்ததால் காபி குடிக்கிற ஃபோம் கப்பைக் கையில் கொடுத்திருந்தார்கள். அத்தான் முட்டிபோட்டு நின்றார். அவர் முன்னால் காலி இட்லிப் பானை. அதுதான் கொதிக்கிற தண்ணீர்.

“கைய விடுங்க பிரதர், ஷவர்ல சூடு பார்க்கிற மாதிரியா விடுறது?” என்று அங்கிள் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் கையை விட்டு அலறிக்கொண்டே தன் வசனத்தைச் சொன்னார்: “எல்லாரும் அதே கோப்பையில குடிச்சீங்க! அவர் மட்டும் ஏன் செத்தாரு?”

பத்து தடவை கேட்ட வசனம். அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்தது.

அவர் மட்டும் மிச்சத்தைக் குடித்தார்.

மஞ்சள். பொன் மாதிரி மஞ்சள். எங்கள் வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வர ஒரு வாரம் தாமதமானாலும் அம்மா அதில் புளிக்குழம்பு வைக்க விடமாட்டாள். களிம்பு ஏறும், ஆளைக் கொல்லும் என்று அடுப்பங்கரையில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எலுமிச்சை பிழிந்த ரசத்தை ராத்திரி முழுக்கப் பித்தளையில் வைத்தவளும் நான்தான். மேலே இருந்த வெள்ளிப் பூச்சைக் கறுப்பு என்று நினைத்துச் சுரண்டி எடுத்தவளும் நான்தான்.

அத்தான் வேஷத்தைக் கழற்றுமுன் அவர் கையைப் பிடித்தேன். “அத்தான், அந்தக் கோப்ப பித்தள. ரசத்துல களிம்பு எறங்கிருக்கும். ஐயர் குடிக்கப்படாது.”

“ஏட்டி, ஆரம்பிச்சிட்டியா?”

“சத்தியமா அத்தான். ரெண்டு மாசமும் குடிச்ச அன்னைக்குத்தான் வாந்தி எடுத்திருக்காரு.”

“நீ ஊருக்குப் பொறப்பட்டாலும் ப்ளேன் விழும்ப, ஃபோன் மணி அடிச்சாலும் சாவுச் செய்திம்ப. நாடகத்தப் பாத்து இப்ப இதுவா? சும்மா கெட.”

நான் சமையலறைக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜ் காலி. யாரோ அதற்குள் கோப்பையை எடுத்துப்போய் மேஜையில் வைத்துவிட்டார்கள். உள்ளே பியானோ தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணிக்குக் கீழே அது நிமிர்ந்து நின்றது. எழுந்து நின்று கத்தினால் என்ன? பூகம்ப அக்கா. சிரிப்பார்கள். ஐயரும் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவார். அவர் துணியை விலக்கினார், கோப்பையை உயர்த்தினார், ஜெபித்தார். அதோடு கொட்டுவதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

வரிசை வரிசையாகப் போய் முட்டிபோட்டார்கள். அத்தான் போய்வந்தார். குழந்தைகளோடு பெண்கள் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஐயர் திரும்பப்போகிற சமயத்தில் போய்த் தனியாக முட்டிபோட்டேன். கோப்பையை அவர் என் உதட்டருகில் கொண்டுவந்தார். நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மடக்கு. அவர் மெதுவாக இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. முதலில் இனிப்பு, அப்புறம் நாக்கில் துட்டைச் சப்பிய அதே ருசி. பின்னால் பியானோ நின்றுபோனது. “என்ன செய்தா இவ?” என்று ஒரு பெண் குரல். ஐயர், “அம்மா... அம்மா, போதும்” என்றார். அடி வண்டல் வரைக்கும் குடித்துவிட்டுத்தான் கோப்பையை விட்டேன். உள்ளே பார்த்தேன். ரசம் நின்றிருந்த மட்டத்தில் பாசி மாதிரிப் பச்சையாய் ஒரு வளையம்.

“அலசிக் குடிக்காதீங்க ஐயா” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தேன். கார் வரைக்கும் போக முடிந்தது. பக்கத்தில் குத்தவைத்துக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அத்தான் வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஐயர் வந்தார். அங்கியோடே வந்தார். கையில் கோப்பை. வெயிலில் அதைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மதுரை அங்கிளும் எட்டிப் பார்த்தார்.

“பித்தளல்லா இது” என்றார் ஐயர். “வாங்கையில வெள்ளின்னுதானே சொன்னாவ?”

“பூச்சு பழசு ஐயா. உதிர்ந்திருக்கும்” என்றார் அங்கிள்.

ஐயர் என்னைப் பார்த்தார். “நீதானம்மா வெளக்குன? எத வச்சு வெளக்குன?”

வாயைத் துடைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். புளி, கம்பி நார். இரண்டே வார்த்தை.

“சோப்புத் தண்ணிதான் ஐயா.”

அவர் தலையாட்டினார். என் தலையில் கைவைத்து ஜெபித்தார். என்னை அவருக்காக ஆண்டவர் அனுப்பினார் என்று ஜெபித்தார்.

டாக்டர்கள் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் கொஞ்சம் பழுதுபட்டிருக்கிறது, அது முன்பே இருந்ததா இப்போது வந்ததா என்று சொல்ல முடியாது என்றார்களாம். கண்ணாடிக் கிண்ணம் திரும்ப வந்தது. கோப்பை நாடகத்துக்கே போனது.

அங்கிள் கடைசி சீனை ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். வெந்நீரில் வெந்த கையோடு உதவிக்குரு நிற்கும்போது, வயதான ஒரு துறவி கோப்பையைச் சாய்த்துப் பச்சை வளையத்தைக் காட்டுகிறார். யாரும் கொல்லவில்லை, கோப்பைதான் கொன்றது. ஆண்டுவிழாவில் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. “இந்த முடிவு நம்ம சிஸ்டர் குடுத்தது” என்று அங்கிள் மைக்கில் சொல்ல, மறுபடியும் கைதட்டல். பூகம்ப அக்கா என்ற பெயர் அன்றோடு போயிற்று. நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மேடையில் அத்தான் துணி சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மடத்தில் கோப்பையை விளக்கியது யார் என்று அங்கிள் எழுதவில்லை. பார்த்தவர்களில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஐயர் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினார். கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவார். கார்டு வந்த அன்று மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்குவேன். இரண்டாயிரத்து ஒன்றில் கார்டு வரவில்லை. ஜனவரியில் அத்தான் ஃபோன் பேசிவிட்டு வந்து, ஐயர் தவறிப்போனார், வயசாயிட்டுல்லா என்றார்.

“என்ன சீக்காம்?” என்று கேட்டேன்.

“ஈரல்னு சொன்னாவ. ஏன் கேக்க?”

அடுப்பில் திராட்சை கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தேன்.