ஆப்பக் கொட்டகையும் பம்பு வண்டியும்

கோயிலில் குருக்கள் தரும் திருநீற்றையும் முகர்ந்து பார்த்த பின்னரே நெற்றியில் இடுவாள் தையல்நாயகி. இறைவன்மேல் அவளுக்கு ஐயமில்லை, இடையில் நிற்பவர்கள்மேல்தான். முதலியார்பேட்டையில், ஆலைத் தொழிலாளர் குடியிருந்த கீற்று வீட்டுச் சந்து ஒன்றின் தொடக்கத்தில் அவள் வீடு. முகப்பை ஒட்டிச் சந்துக்குள் நீண்டிருந்த சிறு கொட்டகையில் ஆப்பம் சுட்டு விற்றாள். கணவன் அம்மாவாசைக்கு ஆலையில் வேலை. ஆலை கதவடைத்த மாதங்களில் அவ்வீட்டில் உலை கொதித்தது அந்தக் கொட்டகையால்தான்.

பிரெஞ்சுக்காரர் கப்பலேறி ஐந்தாண்டு கழிந்த கோடையில், ஊரார் மேரி என்று சொல்லும் நகராட்சியிலிருந்து பலராமன் என்னும் எழுத்தர் வந்தார். கிணற்றுத் திடலில் தீயணைப்புக் கொட்டில் ஒன்று அமைக்கலாம். அதில் தண்ணீர்ப் பம்பு வண்டியும் அதைத் தள்ள ஆட்களும் எந்நேரமும் இருப்பார்கள். வீட்டு வரி சற்றே உயரும். ஆகவே வீட்டுக்கு ஒரு வாக்கு, பாதிக்கு மேல் இசைந்தால்தான் கொட்டில் என்றார்.

"வண்டி உள்ள போறதுக்குச் சந்து அகலம் பத்துமா, முசியே?" என்று எழுத்தரைப் பிரெஞ்சு மரியாதையில் விளித்துக் கேட்டான் கலியபெருமாள். சந்து முனையில் டீக்கடை வைத்திருப்பவன்.

அக்கேள்வி தையல்நாயகியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. டீக்கடைக்காரனுக்குச் சந்தின் அகலத்தில் என்ன அக்கறை? ஆப்பத்தோடு அவள் சுக்குக் காப்பியும் தரத் தொடங்கிய நாள்முதல் விடியற்காலையில் அவன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததை அவள் அறிவாள்.

"பம்பு நம்ம கூரைக்காக வரல. என் அடுப்ப அணைக்க வருது" என்று வீடு வீடாகச் சொன்னாள். சொல்லும்போதே மனம் இரண்டுபட்டது. முன்பொரு கோடையில் இதே சந்தில் அவள் வீடும் எரிந்து சாம்பலானது. அன்று எந்த வண்டியும் வரவில்லை.

பலராமன் வாக்குப் பெட்டியோடு வந்தபோது மறித்தாள்.

"பெட்டி வேணாம், முசியே. வெள்ளைக்காரன் காலத்துல நான் போறதுக்குள்ள என் ஓட்ட எவனோ போட்டுட்டுப் போயிட்டான். எல்லார் எதிர்லயும் கை தூக்கட்டும். அதுக்கு முன்ன வண்டிய உள்ள ஓட்டிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. கொட்டகைக் காலை உரசாமல், ஒரு விரற்கடை இடைவெளியில் நழுவி உள்ளே சென்றது. கொட்டகைக்கு ஊறில்லை என்று மகிழ வேண்டியவள், இவ்வளவு எளிதாகப் போனதே என்று ஐயுற்றாள். இன்றைக்குப் போகவிட்டு, எல்லாரையும் கை தூக்க வைத்துவிட்டு, நாளைக்குக் கடப்பாரையோடு வருவார்களோ?

"காலிச் சந்துல கல்யாண ஊர்வலமே போவும். தீப்புடிச்சா நாம மொதல்ல என்னா செய்வோம்? பொட்டி, கட்டிலு எல்லாத்தையும் வெளிய எறிய மாட்டோம்? எறிஞ்சிட்டு அப்புறம் ஓட்டிப் பாக்கலாம்" என்றாள் பலராமனிடம்.

"என் வீட்டுக்காரரையும் சேத்து எறிஞ்சிடவா, அக்கா?" என்றாள் அடுத்த வீட்டுச் சின்னப்பாப்பா. சந்தே சிரித்தது. பலராமனும் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

பெட்டியும் பாயும் அரிசிப் பானையும் வெளியே வந்து குவிந்தன. வண்டி இரண்டாம் முறை நுழைந்தது. வழிமறித்த பொருள்களை ஆட்கள் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். தையல்நாயகியின் வீட்டெதிரே மட்டும் ஒதுக்க ஓரமில்லை. ஓரத்தைக் கொட்டகை அடைத்திருந்தது. அவள் எறிந்த கட்டிலுக்கும் கொட்டகைக் காலுக்கும் நடுவே சக்கரம் சிக்கி நின்றது.

"அண்ணி சொன்னது சரிதான். எரியறப்ப வண்டி வராது" என்றான் கலியபெருமாள்.

அச்சொல்லில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினாள், அகப்படவில்லை. கொட்டகைக்கு அப்பாலுள்ள வீட்டார் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அன்று மாலை கணவனிடம், "இதுவும் அந்த டீக்கடைக்காரன் செஞ்ச சூதா இருக்குமோ?" என்றாள்.

"கட்டிலத் தூக்கிப் போடச் சொன்னது நீ" என்றான் அம்மாவாசை.

மறுநாள் திடலில் கைகள் உயர்ந்தன. பலராமன் எண்ணி முடித்தார். பாதியைக் கடக்க இன்னும் ஒரு கை வேண்டும். அப்போதுதான் தையல்நாயகி வந்தாள். தோளில் கொட்டகையின் மூங்கிற்கால்கள். உடம்பெல்லாம் கீற்றுத் தூசி.

"அடுப்பு புறக்கடைக்குப் போயிடுச்சி. அங்க வந்து எவன் ஆப்பம் வாங்குவான்னு தெரியல. இருந்தாலும் பிரிச்சிட்டேன்" என்றவள் கலியபெருமாளை நோக்கினாள். "உன் கடைத் தட்டியுந்தான் சந்து வாயில நீட்டிக்கிட்டு இருக்குது, தம்பி. அது எறங்கட்டும், என் கை ஏறும்."

அனைவரும் அவன் பக்கம் திரும்பினர். அவன் போய்க் கயிற்றை அவிழ்த்தான். தட்டி தரையில் விழும் ஓசை கேட்ட பிறகே அவள் கையைத் தூக்கினாள்.

அடுத்த நாள் விடியலில் புறக்கடையில் முதல் ஆளாக வந்து நின்றவன் கலியபெருமாள்.

"என்னத்தப் பாக்க வந்த?"

"ரெண்டு ஆப்பம் வாங்க, அண்ணி."

அவன் நீட்டிய காசை வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் மாவை ஊற்றினாள்.