நாலு போத்தல் குளிர்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, விறாந்தைக் கண்ணாடித் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். 17 பாகை. உருகிய நாலு ஐஸ் போத்தல்களை எடுத்துவிட்டு, உறைந்த நாலை மிதக்க விட்டேன். குளிர்நீரில் வாழும் பிராணியை வன்னி வெயிலில், துணுக்காயில் வளர்க்கும் வீட்டில் நாள் இப்படித்தான் தொடங்கும்.

தொட்டியில் இருந்தவை இரண்டு அக்சலோட்டில்கள். நாலு கால், கழுத்தின் இரு பக்கமும் இறகு போன்ற சிவந்த செவுள்கள். ஆயுள் முழுக்கத் தண்ணீரை விட்டு வெளியே வராதவை. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கொழும்புக்குப் படிக்கப் போன மகள் என்னிடம் விட்டுப் போனாள். குட்டியில் வாங்கியதால் எது ஆண், எது பெண் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கடைசிப் போத்தலை விடும்போதுதான் கண்டேன். செடியிலும் குழாயிலும் கடுகளவு கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் வழுவழுத்த கூட்டுக்குள். எண்ணத் தொடங்கினேன். 286இல் செடி அசைந்து எண்ணிக்கை தவறியது. வெள்ளை வயிறு ஒட்டி மூலையில் கிடந்தது. கறுப்பு அதை மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கண்டதைச் சொன்னேன். இந்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று கேட்டாள். தொட்டி விவரம் எழுதி வைக்கும் கொப்பியைப் பார்த்து வாசித்தேன்: 16ஆம் திகதி, கறுப்பின் வாலடியில் வீக்கம். மலச்சிக்கலாக இருக்கலாம். அதற்குக் குளிர் நல்லது. இரண்டு போத்தலுக்குப் பதில் நாலு. 22 பாகையிலிருந்து 17.

சிரித்து முடிய அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அது வருத்தமில்லை அம்மா, அது ஆம்பிளை. தண்ணி திடீரெண்டு குளிர்ந்தா அதுகள் சோடி சேரும். நீங்கள் நாலு போத்தல் போட்டுக் கலியாணம் செய்து வைச்சிருக்கிறியள்."

பிறகு குரலை மாற்றிச் சொன்னாள்: உடனே பிரிக்க வேண்டும். மறுபடியும் முட்டையிட நேர்ந்தால் வெள்ளை தாங்காது. அது சாப்பிடத் தொடங்கினால்தான் பயம் இல்லை.

இரண்டாவது தொட்டி எங்களிடம் இல்லை. கணவர் விதைநெல் ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்தார். பயிர் வயலில் நின்றதால் அதற்கு வேலை இல்லை. சவர்க்காரம் படாமல் உப்புப் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் குளிராக்கி, கறுப்பை ஒரு சட்டியால் அள்ளி விட்டேன்.

"உம்மடை கொப்பியிலை எல்லாம் இருக்கு," என்றார் அவர். "மாப்பிள்ளை ஆரெண்டது மட்டும் இல்லை."

முட்டைகளைக் குளத்தில் விடுவோமா என்று கேட்டார். அந்தச் சூட்டில் அவை சாகும், தப்பித்தவறிப் பிழைத்தால் குளத்து மீன்களுக்குக் கேடு என்றேன். தீனி போடக்கூடிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை உருப்பெறும் முன்பே உறைய வைப்பதுதான் முறை. அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மீன் பொதியைத் தள்ளி இடம் செய்தார்.

"முப்பதை வையுமன்."

"இருபது."

"இருபத்தைஞ்சு."

இருபத்தைந்தைத் தண்ணீர் ஊற்றிய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தேன். மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் கதவை அவர்தான் சாத்தினார்.

நூலக வேலை முடிந்து 4.40க்கு வீடு வந்ததும் ஒரு மண்புழுவை இடுக்கியில் பிடித்து வெள்ளையின் முன் நீட்டினேன். முகத்தைத் திருப்பியது. ஏழு மணிக்கும் அப்படியே. கொப்பியில் இரண்டு முறை "உண்ணவில்லை" என்று எழுதினேன். போத்தல்களை இரண்டாகக் குறைத்தேன்.

22, புதன், காலை 5.10. தேநீருக்குத் தண்ணீர் வைக்கவில்லை. டோர்ச்சோடு வாழையடிக்குப் போய் ஒரு புழுவைக் கிளறி எடுத்து, கழுவி, பாதியாக நறுக்கி நீட்டினேன். வெள்ளை அசையவில்லை. கை சோர்ந்து இடுக்கியை எடுக்கப் போனபோது தலையை ஒரு வெட்டு வெட்டியது. புழு காணாமல் போயிருந்தது. மற்றப் பாதியையும் கொடுத்தேன். அதன் பிறகுதான் தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.